ஆச்சியின் பச்சை வெல்வெற் சட்டை

எங்கள் வீட்டுப் பெட்டகம் ஆண்டுக்கு ஒரு முறைதான் முற்றாகத் திறக்கப்படும். தைப்பொங்கலுக்கு முந்திய வாரத்தில், வீடு மெழுகிப் பாய்களை வெயிலிற் போட்ட பின்னர், ஆச்சி தம் கையாலேயே அதன் பூட்டைத் திறப்பார். வசம்பும் காய்ந்த வேப்பிலையும் பழைய பட்டும் கலந்த ஒரு மணம் அறை முழுவதும் பரவும். அப்புவின் சரிகைச் சால்வை, ஆச்சியின் கூறைச்சேலை ஆகியவற்றுக்கெல்லாம் அடியில், வெள்ளைத் துணியிற் சுற்றி வைக்கப்பட்டிருக்கும் அந்தப் பச்சை வெல்வெற் சட்டை. 1920களில், ஆச்சி மணம் முடித்த காலத்தில், கொழும்பிலிருந்து தருவித்தது என்று வீட்டில் சொல்வார்கள்.

அந்தச் சட்டை என் சிறுவயதின் அதிசயங்களுள் ஒன்று. வெல்வெற்றை ஒரு பக்கமாகத் தடவினால் இளம்பச்சை. எதிர்ப்பக்கமாகத் தடவினால் கரும்பச்சை. ஏடு தொடக்கிய சில நாட்களில் நான் அதன்மீது விரலால் 'அ' எழுதினேன். எழுத்து அப்படியே நின்றது. ஆச்சி சிரித்துக்கொண்டே உள்ளங்கையால் ஒரு முறை தடவினார், எழுத்து மறைந்துவிட்டது.

எனக்குப் பத்து வயதானபோது, 1955இல், சட்டையின் இரு கைகளையும் பூச்சி அரித்துவிட்டது. இனிப் பெட்டகத்தில் வைத்துப் பயனில்லை என்று கண்ட ஆச்சி, எங்கள் வீட்டுக்கு நெல்லுக் குத்த வரும் பெண்ணிடம் அதனைக் கொடுத்தார். அந்தப் பெண் விடியற்காலையில் வருவார். கோடியில் நின்று உலக்கை போடுவார். எங்கள் கிணற்றைத் தொடமாட்டார். தேநீரைச் சிரட்டையிற் பெற்றுக் குடிப்பார். பத்து வயதுப் பையனாகிய என்னைச் 'சின்ன நயினார்' என்று அழைப்பார். அவர் குறுக்குக்கட்டுக் கட்டியிருந்தாரேயன்றி, ஒருநாளேனும் சட்டை அணிந்து நான் கண்டதில்லை. ஏன் என்று நான் கேட்டதுமில்லை. பனை உயரமாக இருப்பதும் வானம் நீலமாக இருப்பதும் போல, அதுவும் உலகத்தின் இயல்பு என்றே எண்ணியிருந்தேன்.

அவ்வாண்டு எங்கள் ஊர்க் கோயிலின் தேர்த் திருவிழா வந்தது. நான் ஆச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு வீதியில் நின்றேன். வெளிவீதிக்கும் அப்பால், பூவரச மரங்களின் கீழ், கோயிலுக்குள் வர உரிமையற்றவர்கள் தேரைப் பார்ப்பதற்காகக் கூடியிருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் ஏதோ ஒன்று வெயிலிற் பச்சையாக மின்னியது. நெல்லுக் குத்தும் பெண்ணின் மகள். பதினைந்து வயது இருக்கலாம். அரித்துப்போன கைகளை வெட்டிவிட்டு, தன் அளவுக்குத் தைத்து, அந்த வெல்வெற் சட்டையை அவள் அணிந்திருந்தாள். எனக்கு ஒரே மகிழ்ச்சி. தெரிந்த பொருளொன்றைத் தெரியாத இடத்திற் கண்ட குழந்தையின் மகிழ்ச்சி. கையை நீட்டி உரக்கக் கத்தினேன்:

"ஆச்சி! அங்கை பாருங்கோ! உங்கட பச்சைச் சட்டை!"

பலர் திரும்பிப் பார்த்தார்கள். நாலைந்து இளைஞர்கள் அந்தத் திசையை நோக்கி நடந்தார்கள். பின்னர் நடந்ததை நான் விரித்து எழுதப்போவதில்லை. சட்டை கிழிபட்ட ஓசை என் காதில் விழவில்லை. அரோகரா ஒலிதான் கேட்டது. இரு கைகளாலும் மார்பை மறைத்துக்கொண்டு அந்தப் பெண் பனங்கூடலை நோக்கி ஓடியதைக் கண்டேன். தேர் நிற்கவில்லை.

அன்று இரவு வீட்டுக்கு வந்து விசாரித்தவர்களிடம் ஆச்சி சொன்ன வார்த்தைகள் இன்னும் என் நினைவில் இருக்கின்றன: "நான் போடவே குடுத்தனான்? தலகணி உறை தைக்கச் சொல்லியெல்லோ குடுத்தனான்." என் ஆச்சி கொடியவர் அல்லர். பசித்து வந்த எவரையும் வெறுங்கையோடு அனுப்பியவர் அல்லர். எனினும் அந்தச் சொல்லை அவர்தான் சொன்னார். நெல்லுக் குத்தும் பெண் அதன் பின்னர் எங்கள் வீட்டுக்கு வரவேயில்லை.

எழுபது ஆண்டுகள் கழிந்துவிட்டன. ஆசிரியனாக வாழ்ந்து ஓய்வுபெற்ற இந்த வயதில் இதனை ஏன் எழுதுகிறேன்? சில ஆண்டுகளுக்கு முன்னர் இலண்டனில் வாழும் மகளிடம் சென்றிருந்தேன். அவள் என்னை விக்ரோறியா அல்பேட் நூதனசாலைக்கு அழைத்துச் சென்றாள். அங்கே கண்ணாடிக்குப் பின்னால், சோழமண்டலக் கரையில் கையால் வண்ணம் எழுதப்பட்ட பழைய பருத்தித் துணிகள் சில இருந்தன. ஐரோப்பியச் சீமாட்டிகளின் ஆடைகளுக்கும் படுக்கைத் திரைகளுக்கும் என்று கடல் கடந்து சென்றவை. மலர்கள் செக்கச்செவேலென்று புதிதாக இருந்தன. ஆனால், இலைகள் நீலமாக இருந்தன! நீல இலையை எந்த மரத்திற் கண்டார்கள் அந்தக் கைவினைஞர்கள்?

விடையை அறிந்தபோது வியந்தேன். அவை ஒரு காலத்திற் பச்சை இலைகளே. கண் திரும்பும் இடமெல்லாம் பசுமை நிறைந்த இவ்வுலகில், துணியிற் பிடித்து நிற்கக்கூடிய பசுஞ்சாயம் எளிதிற் கிடைப்பதில்லை. புல்லின் பசுமை புல்லோடு வாடிவிடுகிறது. ஆகவே நம்மவர்கள் முதலில் அவுரியின் நீலத்தை ஏற்றி, அதன்மீது தாவர மஞ்சளைத் தீட்டிப் பச்சையை உண்டாக்கினார்கள். மஞ்சள் வெயிலுக்கும் காலத்துக்கும் தாங்காது. அது மெல்ல மெல்ல மறைய, அடியிலிருந்த நீலம் மட்டும் எஞ்சி நிற்கிறது. ஒரு நிறத்தின் அடியில் இன்னொரு நிறம் ஒளிந்திருக்கிறது என்பதை அந்த இலைகள் காட்டிக்கொண்டிருந்தன. அந்தக் கணத்தில் எனக்கு ஆச்சியின் சட்டை நினைவுக்கு வந்தது. அந்தப் பச்சையின் அடியில் என்ன இருந்தது?

ஊர் திரும்பிய பின் நிறங்களின் வரலாற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். பழைய பச்சையின் அடியில் இருந்த நீலத்துக்காக வங்காளத்துக் குடியானவன் தன் நெல் வயலில் அவுரி விதைக்கும்படி நிர்ப்பந்திக்கப்பட்டான். 1859இல் அவன் வெள்ளைத் தோட்டத் துரைமாருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தான். 1917இல் காந்தியடிகள் பீகாரின் சம்பாரணுக்குச் சென்றதும் அதே அவுரியின் கொடுமையை விசாரிக்கவே. ஐரோப்பியர் ஒற்றைச் சரக்காகவே ஒரு பச்சையைக் கண்டுபிடிக்க விரும்பினார்கள். 1775இல் ஷீலே என்ற சுவீடன் நாட்டு இரசாயனி செம்பையும் ஆசனிக் நஞ்சையும் சேர்த்து ஒரு பச்சையை உண்டாக்கினார். அதன் வழியில் 1814இல் இன்னும் ஒளிமிக்க மரகதப் பச்சை வந்தது. செல்வர் வீட்டுச் சுவர்களும் நடன ஆடைகளும் தலையிற் சூடும் செயற்கைப் பூமாலைகளும் அந்த நஞ்சால் ஒளிர்ந்தன. 1861 நவம்பரில் இலண்டனில் மெற்றில்டா ஷூரர் என்ற பத்தொன்பது வயதுத் தொழிலாளப் பெண் இறந்தாள். செயற்கை இலைகளின்மீது அந்தப் பச்சைத் தூளைத் தூவுவதே அவள் தொழில். அவளது கண்ணின் வெண்மையும் பச்சையாகியிருந்தது. பார்த்ததெல்லாம் பச்சையாகத் தெரிவதாக அவள் கூறினாள் என்று பதிவு செய்திருக்கிறார்கள். மாலையைச் சூடியவர்களுக்குத் தோல் அரிப்பு. அதனைச் செய்தவளுக்கு மரணம். பருத்தியில் நிலைத்து நிற்கும் ஒளிமிக்க பச்சைச் சாயம் 1920இலேதான் ஸ்கொட்லாந்தின் சாய ஆலையொன்றில் உருவாயிற்று.

வெல்வெற்றின் கதையும் இதற்குக் குறைந்தது அன்று. அந்த மென்மை எங்கிருந்து வருகிறது? சாதாரணத் துணிக்கு ஒரு பாவு போதும். பட்டு வெல்வெற்றுக்கு இரண்டு பாவுகள் வேண்டும். மேற்பாவை மெல்லிய கம்பிகளின்மேல் வளைத்து நெய்து, ஒவ்வொரு வளையத்தையும் கத்தியால் அறுத்துவிட வேண்டும். அறுபட்ட நூல் முனைகள் இலட்சக்கணக்கில் நிமிர்ந்து நிற்பதையே நாம் மென்மை என்கிறோம். ஒளி அந்த முனைகளுக்கிடையே புகுந்து தங்குவதனாலேயே நிறம் ஆழமாகத் தெரிகிறது. சிறுவயதில் நான் எழுதிய 'அ' நின்றதும் அதனாலேயே. பட்டு நெய்யும் லியோன் நகரத்துத் தொழிலாளர் கூலி போதாமல் 1831இலும் 1834இலும் எழுச்சி செய்தபோது, பிரெஞ்சு அரசு படையைக் கொண்டே அவர்களை அடக்கியது. பருத்தி வெல்வெற் பெருகிய இங்கிலாந்தின் லங்காஷயர், செஷயர் பகுதிகளில், நீண்ட மேசைகளில் இழுத்துக் கட்டிய துணியின் நூல்வரிசைகளை, நீளமான கத்தியோடு மேசையின் ஓரமாக நடந்து நடந்து அறுத்தார்கள். சிறுவரும் சிறுமியரும் நாள்தோறும் பல மைல் தூரம் இவ்வாறு நடந்தனர். ஆச்சியின் சட்டை எந்த ஊரில் நெய்யப்பட்டதோ! எங்கே நெய்யப்பட்டிருந்தாலும், யாரோ ஒருவருடைய கால்கள் நடந்துதான் அது மென்மையாயிற்று.

இத்தனை உழைப்பை விழுங்கிய துணியை யார் அணியலாம்? அதற்கும் சட்டம் இருந்தது. எட்டாம் ஹென்றியின் ஆட்சியில், 1510இல், பிறந்த சட்டமொன்று மிக உயர்ந்த பட்டம் பெறாத ஆண்கள் செந்நிற, நீலநிற வெல்வெற்றில் மேலங்கி அணியலாகாது என்று விதித்தது. பணம் இருந்தாலும் அணிய முடியாது. பட்டமே அளவுகோல். இதைப் படித்தபோது, எங்கள் தேர்முட்டியில் நடந்த சம்பவம் எனக்கு அந்நியமானதாகத் தோன்றவில்லை.

ஆயினும் நூதனசாலையிற் கண்ட மற்றொரு காட்சி என்னை இன்னும் நெருக்கமாகத் தொட்டது. இலை நீலமாகிவிட்ட துணியில், மலர் மட்டும் வாடாமல் சிவந்திருந்தது என்றேன் அல்லவா? அத்தகைய துணிகளின் சிவப்பு சாயவேரினால் வந்தது. அந்த வேரின் முக்கியமான விளைநிலங்களுள் மன்னாரும் யாழ்ப்பாணக் குடாநாடும் அடங்கும்! நம்மூர் வைத்தியர்கள் இம்பூறல் என்று அழைக்கும் சிறு பூண்டுதான் அது. கடற்கரை மணலில் சாண் உயரத்துக்கும் மேல் வளராத அந்தச் செடியின் வேர், மெல்லிய நூல்போல் மணலில் ஆழமாக இறங்கும். சிப்பி கலந்த சுண்ணாம்பு மண்ணில் விளைந்த வேரே நல்ல சிவப்பைத் தரும். படிகாரம் ஊட்டிய துணியை அந்த வேரோடு சேர்த்துக் காய்ச்சினால், எத்தனை சலவைக்கும் போகாத செம்மை பிடிக்கும்.

1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தக் கம்பனி, யானை, முத்து, சங்கு ஆகியவற்றைப் போலவே சாயவேரையும் தன் ஏகபோக உடைமையாக்கிக்கொண்டது. வேர் தோண்டுவது குறித்த சில சமூகத்தாரின் பரம்பரைக் கடமையாயிற்று. தோண்டிய வேரைக் கம்பனிக்கே, கம்பனி குறித்த விலைக்கே அவர்கள் கொடுக்க வேண்டும். யாழ்ப்பாணத்துக் கொமாந்தராக இருந்த ஹென்ட்ரிக் ஸ்வார்டெக்குரூன் 1697இல் தாம் இல்லாத காலத்தில் நிருவாகம் செய்வோருக்கு எழுதி வைத்த அறிவுறுத்தலில் சாயவேரும் ஒரு பொருளாக இடம்பெறுகிறது. அந்த ஆவணம் 1911இல் கொழும்பில் ஆங்கில மொழிபெயர்ப்பாக வெளிவந்தது. அதனை நான் வாசித்தேன். யானைகள் இருக்கின்றன, வேர் இருக்கிறது, இலாபக் கணக்கு இருக்கிறது. வேரைத் தோண்டியவர்களுள் ஒருவருடைய பெயரையேனும் நான் அங்கே காணவில்லை.

1868இல் கிராபே, லீபர்மன் என்ற இரு ஜேர்மன் இரசாயனிகள் அதே செஞ்சாயப் பொருளை ஆய்கூடத்தில் செய்து காட்டினார்கள். சில ஆண்டுகளில் ஆலைச் சாயம் உலகச் சந்தையை நிறைத்தது. ஐரோப்பாவில் மஞ்சிட்டி வயல்கள் அழிந்தன. நம் கரையிலும் சாயவேர் கேட்பாரற்ற களையாயிற்று. உலகத்தின் ஆடைகளைச் சிவக்கச் செய்த மக்களுக்கு அந்தத் தொழிலும் போயிற்று. தாழ்வு மட்டும் போகவில்லை.

வரலாறு எனக்குச் சொன்ன செய்தி இதுதான். நிறத்தை உண்டாக்கியவனுக்கும் துணியை உண்டாக்கியவளுக்கும் நிறமும் துணியும் மறுக்கப்பட்டன. அந்த மறுப்பைச் சிலர் 'வழமை' என்று பெயரிட்டுக் காத்தார்கள். ஒல்லாந்தர் 1707இல் தொகுப்பித்த தேசவழமையில் அடிமைகளைப் பற்றிய விதிகளும் உண்டு. இலங்கையில் அடிமை முறை 1844இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆனால் மேற்சட்டை, நகை, குடை, செருப்பு ஆகியவற்றின்மீதிருந்த தடைகள் எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதப்படாமலே ஒரு நூற்றாண்டுக்கு மேல் நிலைத்தன. இது யாழ்ப்பாணத்துக்கு மட்டும் உரிய இழிவன்று. திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் தோள்சீலை அணிவதற்காகப் பல ஆண்டுகள் போராடி, அடியும் உதையும் பட்டு, 1859இலேதான் அரச பிரகடனத்தைப் பெற்றார்கள். 1930இல் இராமநாதபுரத்தில் ஆதிக்கச் சாதியினர் ஒடுக்கப்பட்ட மக்கள்மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். பெண்கள் மேலாடை அணியலாகாது என்பதும் அவற்றுள் ஒன்று.

ஒரு துண்டுத் துணிக்கு ஏன் இத்தனை அச்சம்? பட்டினியை மறைக்கலாம், கடனை மறைக்கலாம், சட்டையை மறைக்க முடியாது. சமத்துவத்தைக் கண்ணுக்குத் தெரியும்படி முதலில் அறிவிப்பது ஆடைதான். தேரடியில் நின்ற பெண்ணின் உடம்பில் பளிச்சிட்ட பச்சை, தன் கூலிக்காரியும் தன்னைப் போன்ற மனுஷிதான் என்ற செய்தியை வீதி முழுவதற்கும் சொல்லிவிட்டது. அதனாலேயே அது கிழிக்கப்பட்டது.

கிழித்த கைகளைத் தடுத்தது காலமன்று, மக்களின் போராட்டம். 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தது. சட்டம் தாளிற் கிடந்தது. 1966 ஒக்டோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலமும், அதன் பின் தேநீர்க் கடைகளில் நடந்த பிரவேசங்களும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் நடந்த போராட்டமுமே அந்தத் தாளுக்கு உயிர் கொடுத்தன. தடியடியும் வெட்டும் பட்டவர்கள் ஒடுக்கப்பட்ட மக்களும் அவர்களோடு கைகோத்த இடதுசாரித் தோழர்களுமே. நான் அக்காலத்தில் இளம் ஆசிரியன். அனுதாபம் கொண்டிருந்தேன், ஊர்வலத்திற் செல்லவில்லை. இதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்று எங்கள் ஊரில் எந்தப் பெண்ணும் விரும்பிய நிறத்தில் விரும்பிய துணியை அணிகிறாள். ஆனால் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று கொள்ளலாமா? 2018இல் தென்மராட்சிக் கோயிலொன்றில், எல்லோரும் சேர்ந்து வடம் பிடிப்பதைத் தவிர்ப்பதற்காகத் தேரை மண்வெட்டும் இயந்திரத்தைக் கொண்டு இழுத்த செய்தி பத்திரிகைகளில் வந்தது. விஞ்ஞானத்தின் இயந்திரம் வழமைக்குச் சேவகம் செய்கிறது! படத்தைப் பார்த்தபோது பத்து வயதுப் பையனின் கூச்சல் மீண்டும் என் காதில் ஒலித்தது.

அந்தப் பெண்ணை நான் மறுபடியும் ஒரே ஒரு முறை சந்தித்தேன். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் இடம்பெயர்ந்தது. மழையிலும் சேற்றிலும் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சியை அடைந்தோம். ஒரு பாடசாலை மண்டபத்தில் ஊரும் சாதியும் பாராமல் நெருக்குண்டு கிடந்தோம். மூன்றாம் நாள் ஒரு மூதாட்டி என் மனைவிக்குச் சுடுநீர் கொண்டுவந்து கொடுத்தார். என்னை உற்றுப் பார்த்தார்.

"தம்பி, நீங்கள் அந்த நெல்லுக் குத்திற வீட்டுப் பேரன்தானே?"

தாய் என்னை நயினார் என்று அழைத்தவர். மகள் தம்பி என்று அழைத்தார். இரண்டு சொற்களுக்குமிடையே நாற்பது ஆண்டுகாலப் போராட்டம் கிடந்தது. நான் தலையசைத்தேன். ஆச்சி இறந்துவிட்டாரா என்று கேட்டார். ஆமென்றேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பின்னர் தன்பாட்டிற் சொன்னார்: "வடிவான சட்டை தம்பி அது. தடவினால் பூனைக்குட்டி மாதிரி இருக்கும். ஒரு நாள் காலமைதான் போட்டன்."

கத்தியவன் நான்தான் என்று அவரிடம் சொல்லும் துணிவு எனக்கு வரவில்லை. அவருக்கு அது தெரிந்திருந்ததா என்பதும் எனக்குத் தெரியாது. மறுநாள் அவர்கள் வன்னிக்குப் போய்விட்டார்கள்.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வகுப்பறையில் 'ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்திலிருந்து சாயவேரை ஏற்றுமதி செய்தனர்' என்று கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். பிள்ளைகள் அதனைக் கொப்பியில் எழுதி, பரீட்சையில் ஒப்புவித்து, புள்ளி பெற்றார்கள். அந்த வாக்கியத்தில் வேர் இருக்கிறது, ஒல்லாந்தர் இருக்கிறார்கள், தோண்டியவர்கள் இல்லை. ஆசிரியர்களாகிய நண்பர்களுக்கும், நாளை ஆசிரியர்களாகப் போகும் மாணவர்களுக்கும் ஒன்று சொல்வேன். இப்படியொரு வாக்கியத்தை எழுதியதும், வெண்கட்டியைக் கீழே வைப்பதற்கு முன்னர், 'தோண்டியவர் யார்? அவர் என்ன உடுத்தார்?' என்று பிள்ளைகளைக் கேளுங்கள். விடை புத்தகத்தில் இராது. அவர்களுடைய வீடுகளில் இருக்கும். சில வீடுகளில் பெட்டகத்திலும் இருக்கும்.

அவ்வாறு கேட்க நான் மிகப் பிந்தியே கற்றேன். நாவற்குழிப் பாலத்துக்கு அப்பால் சுடுநீர் தந்த அந்த மூதாட்டியின் பெயரைக்கூட நான் அன்று கேட்கவில்லை.